பத்துப் பத்தாகக் காட்டும் மேடை

வேலந்தாவளம் சந்தைக்குப் பின்னால்
லாரிகளுக்கு எடைமேடை.
சீட்டுப் போடுகிறவள் மரியபுஷ்பம்,
பத்தாவது வரை என் பெஞ்சுக்காரி.
பாகற்காய் லோடு போன இடைவெளியில்
"ஏறி நில்லுடி, பாக்கலாம்" என்றாள்.
ஜன்னலுக்குள் சிவப்பு எண்
கொஞ்சம் தயங்கி
ஐம்பது என்றது.

அன்று நான் ஐம்பத்தொன்று.
என் பிரிவு நாற்பத்தெட்டு.
திருச்சூர் போட்டிக்கு ஒன்பது நாள்.

அதற்கு முந்தின வாரம்தான்
ஷிஜினா வந்திருந்தாள், ஆய்வேட்டுக்காக,
ஜூடோக்காரிகளை அளக்க.
நாடா, தோலைக் கிள்ளும் இடுக்கி,
பிடி எவ்வளவு என்று சொல்லும் கருவி.
நிற்கவைத்து அளந்தாள், உட்காரவைத்து அளந்தாள்,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு முகம் மலர்ந்தாள்:
"மேல் நீளம், கால் குட்டை.
சேச்சிக்கு இடுப்பு தரைக்குப் பக்கம்.
எதிராளிக்கு அடியில் புக என்ன சுகம்!"

இந்தக் காலுக்குத்தான்
டெய்லர் காஜா பேன்ட்டை மூன்று அங்குலம் வெட்டி
மிச்சத் துணியை மடித்துத் தருகிறார்.
இந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான்
கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள்,
பெண்ணுக்கு ஆரம் செய்தால்
இரண்டு பவுன் கூடப் பிடிக்குமே என்று.

வலக்கை முப்பத்தெட்டு. இடக்கை நாற்பத்தொன்று.
"இடக்கைக்காரியா?"
இல்லை.
எதிராளியின் சட்டைக்கையை
இடது கைதான் பிடித்துக்கொண்டிருக்கும்.
வலது கை வரும் போகும்.
இது விட்டால் போச்சு.

"மாசமாசம் சரியா வருதா?" என்ற கட்டத்துக்கு மட்டும்
குரலைத் தாழ்த்தினாள்,
சுற்றிலும் நாங்கள் பெண்களாகவே இருந்தும்.
காதுக்குக் கட்டம் இல்லை.
பாயில் தேய்ந்து வீங்கி இறுகிய இடது காதில்
கம்மல் எப்போதும் சாய்ந்தே நிற்கும்,
ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி.

ஒன்பது நாள்.
வெயிலில் மழைக்கோட்டுப் போட்டு
வாய்க்கால் கரையில் ஓடினேன்.
கள் இறக்குகிறவர் பனையிலிருந்து கத்தினார்,
"மழ எங்க பெய்யுது கனகமணி?"
ஆறாம் நாள் விலக்கு வந்தது,
ஒரு கிலோ தண்ணீரை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றது.
எட்டாம் நாள் புளியங்காயை நினைத்து நினைத்து
பாட்டிலில் எச்சில் துப்பினேன்,
அரை பாட்டில்.
வெள்ளி மாலை நாற்பத்தேழு தொள்ளாயிரம்.
கன்னம் ஒட்டி, நாக்கு ஒட்டி
மறுபடி மேடை ஏறினேன்.
ஐம்பது.
"ஒண்ணுமே குறையல, ஏமாத்துற" என்றாள் மரியபுஷ்பம்.

இறுதியில் பையன்னூர் ஸ்ருதிலயா.
முருங்கைக்கொம்பு மாதிரி உடம்பு,
ஷிஜினாவின் அட்டவணை
முதல் பக்கத்திலேயே கழித்துக்கட்டியிருக்கும்.
என் தோளுக்கு மேலாகக் கை நீண்டு வந்து
முதுகுப் பக்கம் பெல்ட்டைப் பிடித்தது.
நான் அடியில் புகுந்தேன்.
இடுப்பு, சொன்னபடியே, சரியாக உட்கார்ந்தது.
அவளைத் தூக்கியும் விட்டேன்.
தூக்கின உயரத்திலிருந்து
அந்த நீளக் கால் ஒன்று இறங்கி
என் காலைச் சுற்றிக்கொண்டது.
பிறகு கூரைத் தகரம் பார்த்தேன்.
அதில் ஒரு புறா இருந்தது.
நடுவர் கையை நேராக மேலே தூக்கினார்.

ஷிஜினா மறுநாள் போனில் கேட்டாள்,
"அந்தப் பொண்ணு காலளவு தருவாளா?"
கேட்டுப் பார் என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
நகர்வதற்கு முன் அவள் மூச்சிழுக்கிறாள்.
காலர் என் முஷ்டியில்
ஒரு நூல் அளவு மேலே ஏறுகிறது.
மூன்றாவது நிமிடம்தான் பிடிபட்டது,
நான்காவதில் மல்லாந்துவிட்டேன்.
அதை எந்தக் கட்டத்திலும் எழுதக் கொடுக்கமாட்டேன்.
அடுத்த வருஷமும் அவள் நாற்பத்தெட்டுதான்.

ஊர் வந்து நான்கு புரோட்டா தின்று
மேடை ஏறினேன். ஐம்பது.
இந்த முறை மரியபுஷ்பம் சீட்டே அடித்தாள்.
வண்டி எண்ணுக்கு ஒரு கோடு.
சரக்கு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி
என் கழுத்தைப் பார்த்தாள்,
எழுதினாள்:
வெள்ளி.